அண்ணாவின் இடப்பக்கம்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கார் ஓடப் பழக்குகிற தொழிலுக்கு அது நல்லதுதான். ஒரு மணித்தியாலம் முழுக்கப் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். அதுவும், பயத்தில் ஸ்டியரிங்கை நெரித்துப் பிடித்திருக்கும் ஒருவருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, எரிச்சல் வந்தாலும் காட்டாமல் பேச வேண்டும். முதலாவது எனக்கு இயல்பாக வரும். இரண்டாவதை இன்னும் பழகிக்கொண்டிருக்கிறேன். அப்படிப்பட்ட நான் ஒரேயொரு விஷயத்தை மட்டும் மாதக்கணக்காக மென்று விழுங்கிக்கொண்டு திரிந்தேன். இப்போது நினைத்தாலும் இருப்புக்கொள்ளவில்லை.

குவேக்கர்ஸ் ஹில், பிளாக்டவுன் பக்கத்தில் எங்கள் ஆட்களுக்குக் கார் பழக்குகிறவர்கள் என்றால் அப்போது அண்ணாவும் நானும்தான். அண்ணா என்பது மரியாதைக்கு. எங்களுக்குள் சொந்தபந்தம் ஒன்றுமில்லை. நீண்டகாலம் சிட்னியில் டாக்ஸி ஓடிவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவர். நான் ஒரு களஞ்சியசாலையில் மருந்துப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். பெண் பிள்ளைகளின் தாய்மார் பெண் மாஸ்டர் வேண்டும் என்று கேட்கிறார்கள், நீ வா என்று இழுத்துக்கொண்டு வந்தவர் அவர்தான். நான் தொடங்கிய காலத்தில், பொம்பிளை பழக்கினால் பிள்ளை பாஸ் பண்ணுமோ என்று ஆட்கள் முகத்துக்கு நேரே கேட்டார்கள். அண்ணா தன் மனைவியின் தங்கை மகளை என்னிடம் அனுப்பினார். தன்னிடம் வந்த ஆட்களையும் அனுப்பினார். அதற்குப் பிறகு ஒருவரும் கேட்கவில்லை.

எங்கள் இருவருக்கும் ஒரு வழக்கம் இருந்தது. லைசென்ஸுக்கான சோதனைக்கு, எங்கள் பேச்சில் ரெஸ்ட்டுக்கு, முந்தின வாரம் ஆட்களை மாற்றிக்கொள்வோம். என்னுடைய மாணவி ஒருநாள் அண்ணாவைப் பக்கத்தில் வைத்துக் கார் ஓடுவாள், அவருடைய ஆள் என்னை வைத்து ஓடுவார். மாதக்கணக்காக ஒருவருக்குப் பக்கத்தில் இருந்தால் அவர் விடுகிற பிழை நமக்குப் பழகிப்போய்விடும், பிழையாகவே தெரியாது. வேறொருவர் இருந்து பார்த்தால்தான் தெரியும். ஓடி முடிந்ததும் அண்ணா தொலைபேசியில் எடுப்பார். சுகம் விசாரிக்கிறதெல்லாம் இல்லை.

“பிள்ளை, உன்ர ஆக்கள் ரவுண்டபவுட்டிலை அன்னதானத்துக்கு நிக்கிற மாதிரி நிக்கினம். இடம் கிடைச்சா போகச் சொல்லிக் குடு.”

எனக்குக் காது சிவந்துவிடும். ஒருநாள் முழுக்க வீட்டில் சட்டி பானையோடு சண்டை பிடிப்பேன். மறுநாள் எல்லா மாணவிகளையும் ரவுண்டபவுட்டுக்குக் கொண்டுபோவேன். நானும் சும்மா விட்டதில்லை. உங்கள் ஆட்கள் வளைவில் பிரேக்கை மிதிக்கிறார்கள் என்று சொல்லியிருக்கிறேன், அவர் முனகிக்கொண்டே கேட்டிருக்கிறார். ஆனால் வெளியில் ஒருவரைப் பற்றி ஒருவர் ஒரு சொல் பிழையாகச் சொன்னதில்லை. இந்த ஊரில் எனக்கு உண்மை சொல்லக்கூடிய ஒரே ஆள் அண்ணா என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

அண்ணாவின் மாணவர்களைத் தூரத்திலேயே அடையாளம் கண்டுகொள்ளலாம், வாய் அசைந்துகொண்டே இருக்கும். ஓடும்போது காண்கிறதையெல்லாம் சத்தமாகச் சொல்ல வேண்டும் என்பது அவருடைய சட்டம். சொல்ல வேண்டும் என்றால் பார்க்க வேண்டும் அல்லவா, கனவு காண முடியாது. நல்ல முறைதான். நானும் என் மாணவிகளிடம் செய்து பார்த்திருக்கிறேன், ஆனால் என் வாய்க்கு முன்னால் அவர்களுக்குப் பேச இடம் கிடைக்காது.

பொங்கலுக்குக் கொஞ்சம் முன்பு, இங்கத்தைய கோடை வெயில் கொளுத்திக்கொண்டிருந்த நாட்களில், வெஸ்ட்மீட்டில் நேர்ஸாக வேலை செய்கிற ஒரு பெண் மாற்றிக்கொள்கிற முறையில் என்னிடம் வந்தாள். ஊரிலிருந்து வந்து அதிகக் காலம் ஆகவில்லை. கெட்டிக்காரி. காரை எடுத்ததும் தொடங்கினாள்.

“இடப்பக்கம் சைக்கிள். இடப்பக்கம் குப்பை வாளி. இடப்பக்கம் ஒரு அம்மா, நாயோட நிக்கிறா.”

நான் சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். கொஞ்சத் தூரத்தில் வலப்பக்கத்து வீட்டிலிருந்து ஒரு வான் பின்பக்கமாக வந்தது. அவள் கண்டாள், வேகத்தைக் குறைத்தாள், விலத்தினாள். எல்லாம் சரியாகச் செய்தாள். ஆனால் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு கவனித்தேன். வலப்பக்கம் எது வந்தாலும் அவள் வாய் திறக்கவில்லை.

“வலப்பக்கம் ஏன் சொல்லேல்லை?” என்று கேட்டேன்.

“வலப்பக்கம் அவருக்குத் தேவையில்லையே, அக்கா” என்றாள். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

காரை ஓரத்தில் நிறுத்தச் சொன்னேன். அவள் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு, பேச விருப்பமில்லாமல், துண்டு துண்டாகச் சொன்னாள்.

“அவருக்கு இடப்பக்கம் தெரியிறது குறைவு, அக்கா. நேர பாத்தா எல்லாம் வடிவாத் தெரியும். பக்கவாட்டிலைதான் இல்லை. நான் வேலை இடத்திலை இப்பிடி ஆக்களைக் கண்டிருக்கிறன். மற்ற ஆக்களுக்கும் தெரியும். நாங்கள் எங்களுக்குள்ள கதைச்சனாங்கள். சொல்லிச் சொல்லி ஓடினா அவருக்கும் கரைச்சலில்லை, எங்களுக்கும் கரைச்சலில்லை. பாவம்தானே.”

இந்த நாட்டில் ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்கும், பழக்குகிறவர் இடப்பக்கம் இருப்பார். அவருடைய காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். இடப்பக்கம்தான் நடைபாதை, பஸ் தரிப்பு, பள்ளிக்கூட வாசல், சைக்கிள்காரர். பழகுகிறவர் பதற்றத்தில் நேரே பார்த்துக்கொண்டு போவார், அந்தப் பக்கத்தைப் பார்க்க வேண்டியவர் மாஸ்டர்தான். அதற்குத்தான் அந்தப் பிரேக்.

நான் முதலில் நம்பவில்லை. நம்ப விருப்பமில்லை என்பதுதான் சரி. பிறகு மாற்றி ஓட வந்த அண்ணாவின் ஆட்கள் ஒவ்வொருவரையும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். ஓய்வுபெற்ற பிறகு கார் பழக வந்த ஒரு அங்கிள் “லெஃப்ட், பஸ், லெஃப்ட், ஸ்கூல்” என்று இராணுவத்தில் கட்டளை போடுவதுபோல் சொன்னார். இரண்டு பிள்ளைகளின் தாய் ஒருத்தி கோயிலில் அர்ச்சனைக்குப் பெயர் சொல்வதுபோல் மெல்லச் சொன்னாள். எல்லாரும் இடப்பக்கம் மட்டும்தான். அண்ணாவின் காரில் இடப்பக்கக் கண்ணாடி புதிதாக மாற்றியிருந்ததும் அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. கடையின் கார்த் தரிப்பிடத்தில் எவனோ இடித்துவிட்டுப் போய்விட்டான் என்று சொல்லியிருந்தார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. எங்கள் ஆட்களுக்கு ஒருவர்மேல் மரியாதை வந்துவிட்டால் அவருடைய குறையைத் தூக்கித் தங்கள் தோளில் வைத்துக்கொண்டு நடப்பார்கள். அவர் கேட்கவும் வேண்டாம், இவர்கள் சொல்லவும் வேண்டாம். கூட்டம் போட்டு முடிவெடுத்ததுபோல ஆளுக்கு ஆள் அதையே செய்துகொண்டிருந்தார்கள். கார் ஓடவே பழகியிராத மனிதர்கள், பழக்குகிறவருக்குக் கண்ணாக இருந்தார்கள். இதைப் போய் யாரிடம் சொல்லிச் சிரிப்பது, யாரிடம் சொல்லி அழுவது?

அண்ணாவிடம் சொல்லத்தான் வேண்டும் என்று முடிவெடுத்தேன். எங்கள் வழக்கமே அதுதானே. ஆனால் ரவுண்டபவுட்டைப் பற்றிச் சொல்வதுபோல் இதைச் சொல்ல முடியவில்லை. நாங்கள் ஆட்களை மாற்றிக்கொள்கிற கடைத் தரிப்பிடத்தில் ஒரு பின்னேரம் நின்றுகொண்டு, தலையைச் சுற்றி மூக்கைத் தொட்டேன்.

“அண்ணா, எனக்கு இப்ப எழுத்துகள் மங்கலாத் தெரியுது. கண்ணைக் காட்டப் போறன். நீங்களும் வாங்கோவன், சேந்து போவம்.”

“எனக்கென்ன, கழுகுக் கண்” என்று சிரித்தார்.

“இல்லை அண்ணா. இடப்பக்கம் உங்களுக்குக் கொஞ்சம்...” என்று தொடங்கினேன்.

சிரிப்பு நின்றது. என்னை நேராகப் பார்த்தார். கோபப்பட்டிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன், சண்டை பிடித்து விஷயத்தைச் சொல்லி முடித்திருப்பேன். அவர் கோபப்படவில்லை. மிக மெதுவாகக் கேட்டார்.

“உனக்கு ஆக்கள் குறைஞ்சு போச்சோ, பிள்ளை?”

சுருக்கென்று தைத்தது. அவர் இந்தத் தொழிலை விட்டால் அவருடைய ஆட்கள் முழுப்பேரும் என்னிடம்தான் வருவார்கள். இந்தப் பக்கத்தில் அவர்களுக்கு வேறு யார் இருக்கிறார்கள்? அதை நான் அதுவரை யோசிக்கவே இல்லை என்று சத்தியம் செய்யலாம். ஆனால் அவர் கேட்ட பிறகு யோசிக்காமல் இருக்க முடியவில்லை. இனி நான் எந்த வார்த்தையில் சொன்னாலும் அது கைநீட்டுவதுபோல்தான் இருக்கும். “சும்மா சொன்னனான் அண்ணா” என்று சொல்லிவிட்டு என் காரில் ஏறினேன்.

வீட்டில் அன்று கறிச்சட்டி அடிப்பிடித்தது. என் கணவரிடம் முழுவதையும் கொட்டினேன். “நீ ஏன் போய்ச் சொன்னனி? அந்தாள் இல்லாட்டி நீ இண்டைக்கும் பெட்டிதானே கட்டிக்கொண்டிருப்பாய்” என்றார். அது உண்மை. அதனால்தான் எனக்கு என் கணவர்மேல் அவ்வளவு எரிச்சல் வந்தது. வீதிப் போக்குவரத்துக்காரருக்குப் பெயர் போடாமல் அறிவிக்கலாம் என்று யாரோ சொல்லக் கேட்டிருந்தேன். தொலைபேசியில் அவர்களுடைய இணையப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன், மூடினேன். மறுநாளும் திறந்தேன், மூடினேன். சொல்வது துரோகமாகப் பட்டது. சொல்லாமல் இருப்பதும் துரோகமாகத்தான் பட்டது.

அதன் பிறகு எனக்கு ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை. அம்புலன்ஸ் சத்தம் கேட்டால் வீதியின் எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பேன். இரண்டு பாடங்களுக்கு நடுவில் ஒரு சாட்டு வைத்து அண்ணாவுக்கு எடுப்பேன். “என்ன பிள்ளை?” என்று அவர் குரல் கேட்டால் போதும், ஏதோ ஒன்றைக் கேட்டுவிட்டு வைப்பேன். ஒருநாள் அவருடைய காரைக் கண்டு, என் மாணவியைப் பின்னால் போகச் சொன்னேன். அந்தப் பிள்ளை, இது பாடத்தில் ஒரு பகுதி என்று நினைத்துக்கொண்டு பவ்வியமாக ஓடினாள். முன்னால் அண்ணாவின் கார் நடைபாதையோடு ஒட்டிக்கொண்டு போனது. நான் என் காலடியில் இருந்த பிரேக்கை மிதித்துவிட்டேன். என் மாணவி பயந்துபோய், தான் என்ன பிழை விட்டேன் என்று கேட்டாள்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு தகப்பன் தொலைபேசியில் எடுத்தார். தமிழ்நாட்டுக்காரர், இங்கே படிக்க வந்து வேலையாகி வீடும் வாங்கிவிட்டவர். அவருடைய மூத்த மகளை நான்தான் பழக்கினேன்.

“சின்னவளுக்கு எல் லைசென்ஸ் வந்திருச்சுங்க, இனி ஓட்டிப் பழகலாம். உங்களுக்கு நேரமே இல்லைன்னு சொன்னீங்க. அந்த அண்ணன்கிட்ட விடலாமா? நீங்க சரின்னு சொன்னா எனக்குப் போதும்.”

சொல்ல எத்தனையோ இருந்தது. கொஞ்சம் பொறுங்கள், நானே நேரம் ஒதுக்குகிறேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அப்படிச் சொன்னால் அண்ணாவின் ஆளைப் பிடித்துக்கொண்ட மாதிரி. வேண்டாம் என்று சொன்னால் அண்ணாவை விட்டுக்கொடுத்த மாதிரி. இரண்டையும் என்னால் செய்ய முடியவில்லை.

“அவரைப்போல பழக்கிற ஆள் இந்தப் பக்கம் இல்லை” என்றேன்.

“ஆமா, எல்லாரும் அதான் சொல்றாங்க” என்று சந்தோஷமாக வைத்துவிட்டார். நான் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. உண்மையை மட்டும் பேசி ஒரு மனிதரை ஏமாற்றலாம் என்பதை அன்றுதான் அனுபவத்தில் கண்டேன். 

சில வாரங்கள் கழித்து அண்ணாவின் கார் சேர்விஸுக்குப் போயிருந்தது. ஒரு பாடம் மட்டும் நீ எடு என்று என்னை அனுப்பினார். போய்ப் பார்த்தால் அந்தத் தகப்பனின் சின்ன மகள். இங்கேயே பிறந்து வளர்ந்தவள். தமிழ் விளங்கும், பதில் ஆங்கிலத்தில் வரும். அமைதியாக ஓடினாள். கை நிதானமாக இருந்தது. ஒரு சொல் பேசவில்லை. 

“காண்கிறதைச் சொல்லச் சொல்லி மாஸ்டர் சொல்லேல்லையோ?”

“ஹி டஸ், அன்ரி. பட் இட்ஸ் வியர்ட். ஸோ ஐ டோன்ட்.”

அவர் சொல்வார், அவளுக்கு வெட்கமாக இருக்கும், அதனால் பேச மாட்டாள். அவ்வளவுதான். அண்ணாவின் மற்ற ஆட்களுக்கு வாய் இருந்தது, பாவம் பார்க்கிற மனமும் இருந்தது. இவளுக்கு யாரும் ஒன்றும் சொல்லி வைக்கவில்லை. பெரியவர்களின் கதைகளுக்குள் இவள் வருவதும் இல்லை. சிக்னலில் நிற்கும்போது அவளாகவே இன்னொன்றும் சொன்னாள். சில நேரம் தான் நிற்க வேண்டும் என்று நினைக்கும்போது அவர் போகச் சொல்கிறாராம்.

“அப்ப நீ என்ன செய்வாய்?”

“ஐ கோ” என்றாள், இதென்ன கேள்வி என்பதுபோல. “ஹி இஸ் த டீச்சர்.”

அவளை வீட்டு வாசலில் விட்டபோது தகப்பன் வெளியே வந்து கையசைத்தார். நான் திருப்பி அசைக்கவில்லை. இதைச் சொல்வதற்கு வார்த்தை தேடிக்கொண்டிருந்தது போதும் என்று நினைத்தேன். வார்த்தையில் சொன்னால் அவர் ஒரு கேள்வியில் என்னை மடக்கிவிடுவார். அவராகவே காண வேண்டும்.

அன்றைக்கே அண்ணாவுக்கு எடுத்தேன். “புது வீடுகள் கட்டின பக்கம் ரோட்டுகள் திறந்திருக்கினம், அண்ணா. ரெஸ்ட்டுக்கு அங்காலையும் கொண்டு போகினமாம். ஞாயிற்றுக்கிழமை ஒருக்கா போய்ப் பாப்பம். உங்கட காரிலை போவம், நான் ஓடுறன், நீங்கள் பிழை பிடியுங்கோ” என்றேன். அவருக்கு அது பிடித்துக்கொண்டது. “உனக்குப் பிழை பிடிச்சு எவ்வளவு காலம்” என்றார். பழைய வீதிகள் எல்லாம் அவருக்கு மனப்பாடம், கண்ணை மூடிக்கொண்டே ஆள் எங்கே நிற்கும் என்று சொல்வார். புது வீதியில் அது நடக்காது. இது சூழ்ச்சி என்று எனக்குத் தெரியும். நல்ல பெயர் வைத்து மறைக்கப் போவதில்லை.

இங்கே அப்போது குளிர்காலம், ஞாயிறு காலை நல்ல குளிர். அண்ணா கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு, ஃபிளாஸ்கில் இஞ்சித் தேநீரோடு வந்தார். அக்கா, அதாவது அவருடைய மனைவி, எனக்கென்று பொரித்துக் கட்டித் தந்த ரோல்ஸும் இருந்தது. அந்த ரோல்ஸைக் கண்டதும் எனக்குத் திரும்பிப் போய்விடலாம் போலிருந்தது. அவர் இடப்பக்கத்துக் கதிரையில் ஏறி உட்கார்ந்து, கண்ணாடியைச் சரிசெய்து, காலைப் பிரேக்குக்குப் பக்கத்தில் வைத்தார். எல்லாம் வழக்கம்போல.

நான் ஓடினேன். அவர் பகிடி விட்டுக்கொண்டு வந்தார். “என்ன, இண்டைக்கு வாய்க்குப் பூட்டோ?” என்றார். நான் சிரிப்பதுபோல் ஏதோ செய்தேன். இடப்பக்கம் ஒருவர் நாயோடு நடந்தார், நான் சொல்லவில்லை. இடப்பக்கம் நிறுத்தியிருந்த வானின் கதவு திறந்தது. விலத்தினேன், சொல்லவில்லை. விலத்தியது அவருக்கு விளங்கவில்லை, “ஏன் வெட்டுறாய்?” என்றார். மற்ற எல்லாரும் அந்தக் காரில் அன்பினால் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். இவ்வளவு கஷ்டப்பட்டு நான் எதையும் சொல்லாமல் விட்டதில்லை.

ஒரு சின்னப் பூங்கா, அதற்கு அங்கால் ஒரு கோப்பிக் கடை, முன்னால் பாதசாரிகளுக்கான கடவை. இங்கே அந்தக் கோடு வெள்ளை நிறம். ஊரில் மஞ்சளாக இருந்ததால் நாங்கள் இன்னும் மஞ்சள் கோடு என்றுதான் சொல்கிறோம். இடப்பக்க ஓரத்தில் ஒரு இளம் தாய் தள்ளுவண்டியோடு நின்றாள். வண்டிக்குள் குழந்தையின் சிவப்புக் காலுறை தெரிந்தது. நான் காரை நிறுத்தினேன்.

“ஏன் நிக்கிறாய்?” என்றார் அண்ணா.

நான் பேசவில்லை.

“ஒருத்தரும் இல்லை. போ.”

நான் போகவில்லை. அவர் தன்னுடைய கண்ணாடியில் பின்பக்கம் பார்த்தார். “போ பிள்ளை, பின்னுக்குக் கார் வந்து நிக்குது” என்று குரலை உயர்த்தினார். மாணவர்களிடம் சொல்கிற அதே தொனி. அந்தக் குரல் கேட்டால் யாரும் போய்விடுவார்கள், எனக்கே கால் ஒருமுறை அசைந்தது.

தள்ளுவண்டியின் முன்சக்கரம் எங்கள் காரின் முன்னால் வந்தது. பிறகு சிவப்புக் காலுறை. பிறகு அந்தத் தாய். அப்போதுதான் அண்ணாவுக்குத் தெரிந்தது. அவர் கால் பாய்ந்துபோய்ப் பிரேக்கை மிதித்தது. கார் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தது. அவர் மிதித்துக்கொண்டே இருந்தார். அந்தப் பெண் எங்களுக்குக் கையசைத்து நன்றி சொல்லிவிட்டுக் கடந்து போனாள். பின்னால் நின்ற கார்க்காரன் ஹோர்ன் அடித்தான்.

கோப்பிக் கடைக்கு முன்னால் காரை ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்தேன். அண்ணா காலை இன்னும் எடுக்கவில்லை. 

“எத்தினை பேருக்குத் தெரியும்?” என்றார்.

“எல்லாருக்கும் தெரியும், அண்ணா.”

“பழகிற ஆக்களுக்குமோ?”

“அவைக்குத்தான் முதல் தெரியும். அதாலைதான் இடப்பக்கம் மட்டும் சொல்லிச் சொல்லி ஓடுகினம். அந்தச் சின்னப் பிள்ளைக்கு மட்டும் தெரியாது. அவள் நீங்கள் போ எண்டா போறாள்.”

அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். தன்னுடைய முறையை மாணவர்கள் நன்றாகப் பின்பற்றுகிறார்கள் என்று நினைத்திருந்தாராம்.  எனக்குத் தாங்கவில்லை, கடைப்பக்கம் பார்த்துக்கொண்டேன். கண் டொக்டரிடம் ஒருமுறை போனதையும் சொன்னார். துளிமருந்து தந்து, சோதித்துப் பார்க்கத் திரும்ப வரச் சொன்னாராம். ஓடக்கூடாது என்று சொல்லிவிடுவார் என்ற பயத்தில் திரும்பப் போகவில்லை.

பிறகு கதவைத் திறந்து இறங்கினார். பழகுகிறவரின் கார் என்று காட்ட முன்னாலும் பின்னாலும் ஒட்டியிருந்த எல் அட்டைகளைக் கழற்றினார். பின்னால் இருந்தது இறுகிப்போயிருந்தது, நகத்தால் கிளப்பினார். நான் உதவிக்கு இறங்கவில்லை. அவர் அதை விரும்பியிருக்க மாட்டார். திரும்ப ஏறி உட்கார்ந்து இரண்டையும் என் மடியில் போட்டார்.

“நாளைக்கு அந்தப் பிள்ளைக்கு நீ போ. மற்ற ஆக்களுக்கு நான் எடுத்துச் சொல்லுறன். டொக்டரிட்டையும் போறன்.”

என் நெஞ்சில் இருந்த பாறாங்கல் இறங்கியது. அவ்வளவு மாதங்களுக்குப் பிறகு முதல்முறையாக ஒழுங்காக மூச்சு வந்தது. வந்த சந்தோஷத்தில் பேசத் தொடங்கினேன், நிறுத்த முடியவில்லை. வயது போனால் எல்லாருக்கும் வருவதுதான் என்றேன். உங்களில் பிழையில்லை என்றேன். கடவுள் புண்ணியத்தில் ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை என்றேன். ரோல்ஸைப் பிரித்து ஒன்றை அவரிடம் நீட்டினேன். நாங்கள் இருவரும் பழையபடி ஆகிவிட்டோம் என்று நினைத்தேன்.

அவர் வாங்கவில்லை.

“உனக்கு எப்ப தெரியும்?” என்றார்.

“பொங்கலுக்கு முன்னமே தெரியும், அண்ணா.”

“இப்ப ஆடி பிறக்கப் போகுது.”

“ஓம்.”

“அப்ப இவ்வளவு நாளும் அந்தப் பிள்ளையளை என்னோட விட்டிட்டு இருந்தனி.”

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. “உங்களுக்குத் தெரியாதோ அண்ணா? நான் சொல்ல வந்தனான்தானே. நீங்கள் என்ன கேட்டனீங்கள் எண்டு மறந்து போச்சோ?” என்று கத்திவிட்டேன். கோப்பிக் கடை வாசலில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அண்ணா கத்தவில்லை.

“ஓம், எனக்குத் தெரியும். கேட்டதும் நான்தான். எனக்கு இந்தக் கதிரையை விட்டா வேற ஒண்டும் இல்லை, பிள்ளை. அந்தப் பயத்திலை மறைச்சனான்” என்றார். பிறகு என் பக்கம் முழுதாகத் திரும்பிக் கேட்டார். “உனக்கு என்ன பயம்?”

என்னிடம் பதில் இருந்தது. உங்கள் ஆட்களை நான் பறித்துக்கொண்டேன் என்று ஊர் சொல்லும், நீங்களும் அப்படித்தான் நினைப்பீர்கள் என்ற பயம். அந்த மாதங்கள் முழுக்க அது எனக்குப் பெரிய காரணமாக இருந்தது. அதைச் சொல்வதற்கு முன்னால் மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன், என் சொல்லை நம்பி மகளை அனுப்பிய அந்தத் தகப்பன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொண்டு. பிறகு அதை என்னால் சொல்ல முடியவில்லை.